கேட்பதற்கு முன் சொல்லிவிடுகிறவர்

விலங்கு மருத்துவமனையை வெற்றிகரமாக நடத்துவது எப்படி என்று பாடம் எடுக்கும் கூட்டம் ஒன்றுக்குப் போன மாதம் போயிருந்தேன். குளிர்சாதன அறை, கழுத்தில் தொங்கும் அட்டை, திரையில் அம்புக்குறிகள். பேசியவர் வாழ்நாளில் ஒரு பூனையின் வாயைக்கூடத் திறந்து பார்த்திருக்க மாட்டார். தொலைநோக்கு, இலக்கு, வாடிக்கையாளர் பயணம் என்று ஒரு மணி நேரம் பேசினார். நான் பாதியில் எழுந்து வந்துவிட்டேன். கதவைக் கொஞ்சம் சத்தமாகவே சாத்தினேன்.

எனக்கு நிர்வாகம் தெரியாது. இருபது வருடத்துக்கு மேலாகக் கிளினிக் வைத்திருக்கிறேன், இன்னும் தெரியாது. தெரிந்த ஒருவரை எனக்குத் தெரியும். ஏழு வருடம் என் கிளினிக்கை நடத்தியவர் அவர்தான். நான் உள்ளே ஊசி போட்டுக்கொண்டிருந்தேன், அவ்வளவே. கணவருக்கு வேலை மாறியதால் இப்போது வேறு நாட்டில் இருக்கிறார். உங்களைப் பற்றி எழுதப் போகிறேன் என்று போனில் சொன்னதற்கு, "எழுதுங்க. பேர் மட்டும் போடாதீங்க டாக்டர். சொந்தக்காரங்க ஒவ்வொருத்தரா போன் பண்ணி இது நீதானான்னு கேப்பாங்க" என்றார். போடவில்லை.

சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் ஒரு கடைவீட்டின் கீழ்த்தளம்தான் கிளினிக். ஒரு பக்கம் பூமாலைக் கடை, மறு பக்கம் மசாலா அரைக்கும் கடை. மிளகாய் அரைக்கிற நாளில் என் வாசலில் நாய்கள் வரிசையாக உட்கார்ந்து தும்மும். அவர் வேலை கேட்டு வந்த சமயத்தில் ஒரே மாதத்தில் முகப்பில் இருந்த இரண்டு பெண்கள் என் வாய் தாங்காமல் ஓடியிருந்தார்கள். தாதி ஒருத்திதான் மிச்சம். அவளும் மலேசியாவின் ஜொகூரிலிருந்து தினமும் பாலம் தாண்டி வருகிறவள். எந்த நாள் வராமல் போவாளோ என்று இருந்தது.

அவருக்கு அப்போது நாற்பது வயது இருக்கும். என்னைவிட எட்டு வயது சிறியவர். அருகில் இருந்த ஒரு வாழை இலைச் சாப்பாட்டுக் கடையில் எட்டு வருடம் வாசலில் நின்று ஆட்களை உட்கார வைத்தவர்.

"என்ன படிச்சிருக்கீங்க?" என்று கேட்டேன்.

"பிசினஸ் டிப்ளோமா. அத விடுங்க டாக்டர். நான் உள்ள வந்து பன்னெண்டு நிமிஷமாச்சு. ஒருத்தரும் நிமிர்ந்து என் முகத்த பாக்கல. வெளிய ஒரு பொம்பள முயல மடியில வச்சிக்கிட்டு அழுவுறாங்க. அவங்களையும் யாரும் பாக்கல. அப்புறம், நாத்தம். உங்களுக்குப் பழகிடுச்சு. எங்களுக்குப் பழகல."

நான் வாயைத் திறப்பதற்குள் தொடர்ந்தார். "இன்னொண்ணு இப்பவே சொல்லிடறேன். அப்புறம் ஏன் சொல்லலன்னு கேக்கக் கூடாது. எனக்கு நாய்ன்னா பயம்."

"நாய்க்குப் பயப்படறவங்களுக்கு நாய் ஆஸ்பத்திரியில என்ன வேலை?"

"நாய் அப்பாயின்ட்மென்ட் எடுக்காது டாக்டர். நாய் போன் பண்ணிச் சண்ட போடாது. கூட வர்ற மனுஷன நான் பாத்துக்கறேன். நாய நீங்க பாத்துக்குங்க."

எழுந்து போய் முதலில் அந்த முயல்காரப் பெண்ணிடம் பேசினார். வேலை தருகிறேன் என்று நான் இன்னும் சொல்லியிருக்கவில்லை.

அவருடைய குணம் ஒன்றுதான். எதிரில் இருப்பவர் எதைக் கேட்க நினைக்கிறாரோ அதை அவர் கேட்பதற்கு முன்னாலேயே சொல்லிவிடுவார். நல்லது கெட்டது பார்க்க மாட்டார். இதை அவருக்கு யாரும் திரையில் அம்புக்குறி போட்டுக் காட்டவில்லை. சாப்பாட்டுக் கடை வாசலில் கற்றுக்கொண்டது. "பசியோட நிக்கறவன்கிட்ட இன்னும் பத்து நிமிஷம்னு சொல்லிப் பாருங்க, நிப்பான். ஒண்ணுமே சொல்லாம விடுங்க, மூணாவது நிமிஷம் மேசைய தட்டுவான். பசி என்னமோ அதே பசிதான்."

என் கிளினிக்கில் காத்திருக்கிறவர்கள் தினமும் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். சிங்கப்பூரர்களுக்குப் பொறுமை கிடையாது என்று நான் முடிவு கட்டி வைத்திருந்தேன். அவர் வந்த பிறகு கால் மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து நின்று எல்லோருக்கும் கேட்கும்படி அறிவிப்பார். "டாக்டர் உள்ள ஒரு நாய் வயித்துல இருந்து காலுறை எடுக்கறாரு. நாப்பது நிமிஷம் ஆவும். நீங்க ரெண்டு பேரும் எதிர்க்கடையில ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டு வாங்க, நான் போன் போடறேன். அங்கிள், நீங்க எங்கயும் போவாதீங்க, உங்க கிளி இங்கிலீஷ்ல கெட்ட வார்த்த பேசுது, அத வச்சிக்கிட்டு நான் தனியா இருக்க முடியாது."

சண்டை நின்றது. நான் வேலை செய்யும் வேகம் கொஞ்சமும் கூடவில்லை. அதே நாற்பது நிமிடம்தான்.

நாய்ப் பயத்தை அவர் மறைக்கவில்லை. முகப்பு மேசைக்கு ஒரு அரைக்கதவு போடச் சொல்லி அதற்குத் தாழ்ப்பாளும் போட்டுக்கொண்டார். பெரிய நாயைவிடச் சின்ன நாய்க்குத்தான் அதிகம் பயப்படுவார். "பெரிசு என்ன செய்யும்னு மூஞ்சிலயே தெரியும். இந்தச் சின்னது பொய் சொல்லும்" என்பார். தாழ்ப்பாளுக்குப் பின்னால் நின்றுகொண்டே அத்தனை நாய்களின் பெயரும் சொல்லுவார்.

பிடோக்கிலிருந்து லாரி வைத்திருக்கும் ஒருவர் தன் லாப்ரடாரை இழுத்துக்கொண்டு வந்தார். உண்மையில் லாப்ரடார்தான் நடக்க முடியாமல் அவரைப் பிடித்து நிறுத்திக்கொண்டிருந்தது.

"என் பையனுக்கு மூச்சு வாங்குதுலா. ஹார்ட்டா இருக்குமோ?"

"டாக்டர் பாப்பாரு அண்ணே. காலையில இவனுக்கு என்ன குடுத்தீங்க?"

"நாய்ச் சாப்பாடுதான். பாக்கெட்டுல வருமே, அது."

"அது மட்டுமா?"

"கொஞ்சம் புரோட்டா."

"கொஞ்சம்னா?"

"ரெண்டு. ஒண்ணு முட்ட போட்டது."

"கறி ஊத்தியா, சீனி தொட்டா?"

அந்த மனிதர் சிரித்துவிட்டார். "கறி அவனுக்குக் காரம். சீனிதான்."

"அண்ணே, இப்ப உள்ள போனா டாக்டர் உங்கள திட்டுவாரு. அவரு திட்டினா ரொம்பக் கேவலமா இருக்கும். எனக்கே ரெண்டு நாள் தூக்கம் வராது. அதான் முன்னாடியே சொல்லிட்டேன். மனச தயார் பண்ணிக்கிட்டுப் போங்க."

உள்ளே வந்தவர் தலையைக் குனிந்துகொண்டு, "புரோட்டாதான் டாக்டர், தெரிஞ்சிடுச்சு" என்றார். அதற்கு மேல் நான் என்ன திட்டுவது? நாய் ஆறு கிலோ இளைத்தது. அந்த மனிதர் இன்றைக்கும் என்னிடம்தான் வருகிறார்.

இந்தக் குணம் எப்போதும் இனித்தது என்று எழுதினால் அது பொய். ஈசூனிலிருந்து ஒரு கணவன் மனைவி தங்கள் கிழட்டு நாயைப் போர்வையில் சுற்றித் தூக்கிவந்தார்கள். நாக்கு வெளுத்து, தலை தொங்கியிருந்தது. நான் அறுவை அறையில் இருந்தேன். அவர் பார்த்தார். அவர்கள் கேட்கும் முன் சொல்லிவிட்டார். "எனக்கென்னமோ இது திரும்பி வீட்டுக்கு வராதுன்னு தோணுது. வேற யாராவது பாக்கணும்னா இப்பவே வரச் சொல்லிடுங்க." அந்த அம்மா நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார். பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து கூட்டிவந்தார்கள். நாய் எதையோ தின்றிருந்தது, அவ்வளவுதான். வாந்தி எடுக்க வைத்தேன். மறுநாள் வாலை ஆட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனது.

எனக்குக் கண்மண் தெரியாத கோபம். தாதி முன்னாலேயே கத்தினேன். "நீங்க என்ன டாக்டரா? சாவு நாள் சொல்ல யார் உங்களுக்கு லைசென்ஸ் குடுத்தது?" அவர் நேராக அந்த வீட்டுக்குப் போன் போட்டார். என் எதிரிலேயே, "நான் தப்பா சொல்லிட்டேன். எனக்குத் தெரியாத விஷயத்த தெரிஞ்ச மாதிரி சொன்னேன். பிள்ளைங்கள அழ வச்சது நான்தான்" என்றார். அந்தப் பக்கம் போனை வைத்துவிட்டார்கள். அவர்கள் திரும்பி வரவே இல்லை. அன்று சாயங்காலமே அவர் தனக்கு எதிராக ஒரு சட்டம் போட்டார். உயிரைப் பற்றிய பேச்சு டாக்டர் வாயிலிருந்து மட்டும்தான் வர வேண்டும். மற்றதெல்லாம் அவர் வாய். கடைசி வரை அதை மீறவில்லை.

அவர் கொண்டுவந்த இன்னொரு ஏற்பாடு காலை எட்டு ஐம்பது. கதவு திறப்பதற்குப் பத்து நிமிடம் முன்னால் எல்லோரும் மருந்து அலமாரி முன்னால் நிற்க வேண்டும். ஒவ்வொருவரும் நேற்று தான் செய்த ஒரு தவற்றைச் சொல்ல வேண்டும். முதலில் அவர் சொல்லுவார். யாருக்கோ தவறான நேரம் கொடுத்தேன், ஒரு ஆமையின் பெட்டியை வெயிலில் வைத்துவிட்டேன், இப்படி. பிறகு தாதி. பிறகு கூண்டு கழுவ வரும் பெண். அங்கே சொன்ன தவற்றுக்குத் திட்டு கிடையாது. சொல்லாமல் விட்டுப் பின்னால் தெரியவந்தால் அவருடைய பார்வையை யாராலும் தாங்க முடியாது.

"நீங்களும் வந்து நிக்கணும் டாக்டர்" என்று பல தடவை கூப்பிட்டார். "நான் பண்ற தப்பு நேரா எமன்கிட்ட போயிடும், உங்க கூட்டத்துக்கு வராது" என்று சிரித்துக்கொண்டே காப்பியை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்விடுவேன். நான் முதலாளி. நான் படித்தவன். அலமாரி முன்னால் நின்று ஒப்பிக்க நான் என்ன பள்ளிக்கூடப் பையனா?

அப்போது அரசாங்க அடுக்குமாடி வீடுகளில் பூனை வளர்க்க அனுமதி கிடையாது. இப்போது சட்டம் மாறிவிட்டது. மாறுவதற்கு முன்னாலும் ஒவ்வொரு புளோக்கிலும் பூனைகள் இருந்தன. கிளினிக்குக்கு வரும்போது மட்டும் அவை எல்லாம் அனுமதியுள்ள தனியார் கொண்டோப் பூனைகளாகவும் தரைவீட்டுப் பூனைகளாகவும் ஆகிவிடும். தங்கச்சி விலாசம், மச்சான் விலாசம், முதலாளி விலாசம் என்று எதையாவது எழுதித் தருவார்கள். நாங்கள் துருவ மாட்டோம். "பூனை எங்க இருக்குன்னு நமக்கு எதுக்கு? நல்லா இருந்தா சரி" என்பார் அவர். நானும் அதையேதான் நினைத்தேன்.

மார்சிலிங்கில் ஒரு அரசாங்க வீட்டில் தனியாக வசித்த ஒரு பெரியவர் அப்படித்தான் எங்களிடம் வந்தார். நாகூர்ப் பக்கத்திலிருந்து வந்து இங்கேயே வேரூன்றிய குடும்பம். சிராங்கூன் சாலையில் வெகுகாலம் துணிக்கடை வைத்திருந்து மூடியவர். மனைவி இறந்த பிறகு ஒரு பூனைதான் துணை. சாம்பல் நிறத்தில் கோடு போட்ட பெண் பூனை. பேகம் என்று பெயர். பதின்மூன்று வயது. விலாசத்துக்கு, கொண்டோவில் இருக்கும் அக்கா மகனின் பெயரையும் வீட்டு எண்ணையும் கொடுத்திருந்தார். அந்த அக்கா மகனும் எங்களிடம் வருகிறவர்தான். அவரிடமும் ஒரு பூனை. அதுவும் சாம்பல், கோடு, பெண். இரண்டும் ஒரே புளோக்கின் கீழே ஒரே அட்டைப் பெட்டியில் கிடந்த குட்டிகள் என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரியும். கொண்டோப் பூனையின் பெயர் பேபி.

ஒரே பெயர், ஒரே விலாசம், ஒரே நிறம், ஒரே வயது. வீட்டில் கூப்பிட ஒரு பெயர், கிளினிக் அட்டைக்கு ஒரு பெயர் என்று ஒரு பூனைக்கு இரண்டு மூன்று பெயர் வைப்பது எங்கள் ஆட்களின் வழக்கம். இதுவும் அப்படித்தான், ஒரே பூனையை மாமாவும் மருமகனும் மாறி மாறித் தூக்கிவருகிறார்கள் என்று நினைத்து முகப்பில் அவர் இரண்டையும் ஒரே அட்டையில் எழுதிவிட்டார்.

பெரியவர் பேகத்தைப் பல்வலிக்குக் கொண்டுவந்தார். ஒரு பல்லைப் பிடுங்கினேன். வலிக்கு ஊசி போட வேண்டும். அந்த ஊசி சிறுநீரகம் கெட்ட பூனைக்கு ஆகாது. அதனால் இரத்தப் பரிசோதனை பார்க்காமல் போடக் கூடாது. அட்டையைப் புரட்டினேன். மூன்று மாதத்துக்கு முன் எடுத்த பரிசோதனை இருந்தது. சிறுநீரகம் நன்றாக இருந்தது. ஊசி போட்டேன், வீட்டில் கொடுக்க மூன்று நாளுக்குச் சொட்டு மருந்தும் கொடுத்தேன். அதே பக்கத்தில் எடையும் எழுதியிருந்தது. மூன்று மாதத்துக்கு முன் நாலரை கிலோ. மேசை மேலிருந்த பூனை மூன்று கிலோ. அந்த எண்ணை நான் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் இந்தக் கட்டுரையில் பாதி இருக்காது.

நான்காம் நாள் காலை பெரியவர் பூனைக் கூடையை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பேகம் இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை, தலையைத் தூக்கவில்லை. இரத்தம் எடுத்துப் பார்த்தேன். சிறுநீரகம் படுத்துவிட்டது. வெளியே வந்து, "வயசாச்சு பாய். இந்த வயசுல பூனைக்கு இப்படி ஆவறதுதான். பாப்போம்" என்றேன். அந்த நிமிடத்தில் நான் அதை நம்பித்தான் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். அவர் கை மட்டும் கூடையின் கம்பி வழியாக உள்ளே போய் வந்துகொண்டிருந்தது.

கால் மணி நேரம் கழித்து முகப்பிலிருந்து அவர் என் அறைக்குள் வந்து கதவைச் சாத்தினார். கையில் அட்டை.

"எடை ஒத்து வரல, அதான் பாயோட அக்கா மகனுக்குப் போன் பண்ணிக் கேட்டேன். மூணு மாசம் முன்னாடி இங்க ரத்தம் எடுத்தது அவரோட பேபிக்கு. பேகத்துக்கு நாம ரத்தமே எடுத்ததில்ல டாக்டர்."

அட்டையை அவர் கையிலிருந்து வாங்கினேன். எடையைக் காட்டினார். நான் பார்த்தேன்.

"ரெண்டு பூனைய ஒரே அட்டையில போட்டது நான். எடைய பாக்காம ஊசி போட்டது நீங்க. வெளிய போய்ச் சொல்லணும். இப்பவே."

"பைத்தியமா உங்களுக்கு? கிளினிக்க மூடிடுவாங்க. என் லைசென்ஸ் போயிடும்."

"மூடினா நான் திரும்ப இலை போடப் போயிடுவேன். உங்களுக்குத்தான் வேற தொழில் தெரியாது. ஆனா சொல்லணும்."

"சிறுநீரகம் முன்னாடியே கெட்டுப் போயிருந்திருக்கும். என் ஊசி இல்லாட்டியும் ஒரு வருஷத்துல இதேதான்."

"இருக்கலாம். அதையும் சேத்துச் சொல்லுங்க."

அப்போது நான் சொன்னதை எழுத வெட்கமாக இருக்கிறது. எழுதாமல் விட்டால் அவரைப் பற்றி எழுத எனக்குத் தகுதியில்லை. "யோசிச்சுப் பாருங்க. அவர் எங்க போய்ச் சொல்லுவாரு? புகார் குடுக்கணும்னா பூனை அவர் வீட்டுல இருக்குன்னு முதல்ல ஒத்துக்கணும். அவரால முடியாது. யாருக்கும் தெரியப் போறதில்ல."

அவர் என்னைப் பார்த்தார். மற்றவர்கள் தாங்க முடியாது என்று சொல்லும் பார்வை அன்று எனக்குக் கிடைத்தது.

"அதான் டாக்டர்" என்றார். "அவருக்குப் போய்ச் சொல்ல ஒரு இடம் இல்ல. அதனாலதான் நாம சொல்லணும்."

பெஞ்சுப் பக்கம் கையைக் காட்டினார். "வயசாச்சுன்னு சொல்லிட்டீங்க. அவர் அத நம்பிட்டு வீட்டுக்குத் தூக்கிட்டுப் போயிடுவாரு. வயசுக்கு மருந்து இல்லதானே? நீங்க போட்ட ஊசிக்கு இருக்கா?"

இருந்தது. நரம்பில் திரவம் ஏற்றி, இரவும் பகலும் பக்கத்தில் இருந்து பார்த்தால் பாதிக்குப் பாதி வாய்ப்பு. அதுவும் அன்றே தொடங்கினால். கிழட்டுப் பூனையை எதற்கு வதைக்க வேண்டும் என்று பெரியவர் வீட்டுக்குத் தூக்கிப் போனால் அதுவும் இல்லை.

"உயிர் விஷயம். என் வாயால சொல்ல மாட்டேன்னு நான்தான் சட்டம் போட்டேன். என் பங்க நான் சொல்றேன். உங்க பங்க நீங்க சொல்லுங்க."

அவரே கதவைத் திறந்தார். தாழ்ப்பாளைத் தள்ளி அரைக்கதவைத் தாண்டி வெளியே வந்து பெரியவருக்குப் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தார். ஒரு பொமரேனியன் அவர் காலடியில் குரைத்துக்கொண்டிருந்தது. அவர் காலை நகர்த்தவில்லை.

"பாய், உங்க பேகத்தையும் உங்க அக்கா மகனோட பேபியையும் நான் ஒரே அட்டையில எழுதிட்டேன். அது என் தப்பு."

அடுத்தது நான். நின்றபடியே சொன்னேன். வேறு பூனையின் பரிசோதனையைப் பார்த்து ஊசி போட்டேன். எடையைப் பார்க்கவில்லை. பேகத்துக்கு அந்த ஊசி ஆகாது. வயசு என்று சற்று முன் சொன்னது சரியில்லை. என் ஊசியும் சொட்டு மருந்தும்தான் இன்றைக்கு இப்படிப் படுக்க வைத்திருக்கிறது. காத்திருந்த ஐந்தாறு பேரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பொமரேனியன்கூட நிறுத்திவிட்டது.

பெரியவர் கூடையையே பார்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்க்கவில்லை. கூடையின் மூடியைத் தடவிக்கொண்டே, "அப்ப குளியலறையில அடச்சதாலே இல்லையா?" என்றார்.

எங்களுக்குப் புரியவில்லை.

"பல்லு புடுங்கின மறுநாள் கவர்மென்ட்டுலேருந்து குழாய் பாக்க ஆளு வந்தாங்க. பூனைய பாத்துட்டா எழுதிக் குடுத்துடுவாங்கன்னு குளியலறையில போட்டுப் பூட்டிட்டேன். அவங்க போக மத்தியானமாச்சு. உள்ள தண்ணி வைக்க மறந்துட்டேன். கத்திக்கிட்டே இருந்துச்சு. நான்தான் கொன்னுட்டேன்னு…" கூடையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "ரெண்டு நாளா தொழுதுட்டு எழுந்திரிக்கும்போதெல்லாம் அதான் ஞாபகம். யா அல்லா, நான்தான்னு நெனச்சிக்கிட்டிருந்தேன்."

"அதனால இல்ல பாய்" என்றேன். "அர நாள் தண்ணி இல்லாததால இப்படி ஆகாது. இது நான்."

அவர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார். அப்புறம்தான் எழுந்தார். எழுந்து நின்று என்னைத் திட்டத் தொடங்கினார். நானும் திட்டுகிறவன்தான், ஆனால் துணிக்கடையில் நாற்பது வருடம் பேரம் பேசிய வாய்க்கு முன்னால் நான் ஒன்றுமில்லை. நீ படிச்ச படிப்பு என்ன படிப்பு, கண்ணு இருந்தும் எடைய பாக்கத் தெரியாதா, உன்ன நம்பி வாயில்லா சீவன கொண்டு வந்தேனே என்று தமிழிலும் மலாயிலும் மாற்றி மாற்றிக் கொடுத்தார். பெஞ்சிலிருந்த அவர் அதைத் தடுக்கவில்லை. சமாதானமும் சொல்லவில்லை. என்னைக் காப்பாற்றுவது அவர் வேலையில் இல்லை என்பது போல உட்கார்ந்திருந்தார்.

பெரியவருக்கு மூச்சு வாங்கியபோது அவர் எழுந்தார். "பாய், உடனே ட்ரிப் ஏத்தணும். மூணு நாலு நாள் ஆவும். பொழைக்கலாம், பொழைக்காமலும் போகலாம், அத டாக்டர் சொல்லுவாரு. செலவு எங்களோடது. இந்த டாக்டர் வேணாம்னா வேற கிளினிக்குல பேசி வச்சிருக்கேன், அங்க இடம் இருக்கு, டாக்சிய நானே கூப்பிடறேன். இங்கதான்னா கூண்டு தயாரா இருக்கு."

இரண்டையும் எப்போது ஏற்பாடு செய்தார் என்று எனக்குத் தெரியாது. என்னோடு வாதாட உள்ளே வருவதற்கு முன்னாலேயே செய்திருக்க வேண்டும்.

பெரியவர் அவரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கூடையை இரண்டு கையாலும் தூக்கி என் நெஞ்சில் இடிக்கிற மாதிரி நீட்டினார்.

"நீதானே போட்ட? நீயே எடு."

வாங்கிக்கொண்டேன்.

மறுநாள் எட்டு ஐம்பதுக்கு அலமாரி முன்னால் போய் நின்றேன். தாதி தரையைப் பார்த்தாள். அவர் நகர்ந்து இடம் விட்டார், அவ்வளவுதான். அன்றே படிவத்தை மாற்றி அச்சடித்தார். விலாசத்துக்கு மேலே புதிதாக ஒரு வரி: இது ராத்திரியில் எங்கே தூங்கும்? விலாசத்தில் பொய் எழுதியவர்கள்கூட அந்தக் கேள்விக்கு உண்மையையே எழுதினார்கள். என் காலடியில், அம்மா தலையணையில், துணி துவைக்கும் எந்திரத்துக்கு மேலே. எந்தப் பூனை யாருடையது என்று அதற்குப் பிறகு எங்களுக்குக் குழப்பம் வந்ததில்லை. அம்புக்குறி போட்டுப் பேசிய ஆளிடம் இப்படி ஒரு வரி இருந்திருந்தால் நான் கடைசி வரை உட்கார்ந்திருப்பேன்.

பேகத்தின் கூண்டுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டுக்கொண்டேன். பெரியவர் தினமும் மார்சிலிங்கிலிருந்து ரயில் ஏறி வந்தார். என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. பூனையோடு மட்டும் பேசிவிட்டுப் போவார். இரண்டாம் நாள் இரத்தப் பரிசோதனை எண்கள் அப்படியே இருந்தன. மூன்றாம் நாள் மயிரிழை இறங்கின. நான்காம் நாள் காலையில் நரம்பில் இருந்த குழாயைச் சரிசெய்யக் கையை உள்ளே விட்டேன். பேகம் தலையைத் தூக்கி, காதைப் பின்னால் சாய்த்து, மிச்சமிருந்த பற்களால் என் கட்டைவிரலை நன்றாகக் கடித்தது. ரத்தம் வந்தது. அதைத் துடைக்காமலே பெரியவருக்குப் போன் போட்டேன்.